ஒரு குளியலறை, மூன்று பல்புகள்

அன்று காலை அந்த வீட்டுக் குளியலறைக்கு வெளியே சோடா இருட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கதவுக்குப் பக்கத்தில் மூன்று சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. ஊரில் எல்லோரும் செய்வதுபோல ஒவ்வொன்றையும் கீழ்ப்பக்கம் தட்டிப் பார்த்தான். ஒன்றும் எரியவில்லை. எரிச்சலில் உள்ளங்கையை வைத்து மூன்றையும் சேர்த்து மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளினான். உள்ளே நகைக்கடைபோல மூன்று பல்புகளும் ஒன்றாக எரிந்தன.

மறுநொடியே பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "எங்க பல்பை எதுக்குங்க போட்டீங்க? உங்களை உள்ள விட்டது அவங்கதானே, அவங்க பல்பைப் போட வேண்டியதுதானே."

அவனுடைய மூக்குக் கண்ணாடியின் தடிமனைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் யாரோ வைத்த பெயர்தான் சோடா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துகொண்டு வந்தது. பத்து பதினைந்து வாடகை வீடு மாறியவன், விதவிதமான ஓனர்களிடம் வகைவகையாகத் திட்டு வாங்கியவன். ஆனாலும் கைகழுவப் போன இடத்தில் தப்பான பல்பைப் போட்டதற்காகத் திட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. இரண்டு பல்புகளை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, மேடத்தின் காதோரம் விஷயத்தைச் சொன்னான்.

மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈடு கேட்டு வருபவர்களின் கதைகளைப் பல வருஷம் கேட்டவர். பொய் கேட்டுக் கேட்டுக் காது பழுத்துப்போய், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் தொடங்கினார். அலுவலகம் என்றால் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு சோடா. சம்பளம் வாங்குவது மூன்றில் ஒன்று மட்டும்தான், அதுவும் சில மாதங்களில் வாங்காது.

அன்றைய வேலை கவுன்சிலரம்மா கொடுத்தது. வீட்டை வாடகைக்கு விடும் ஒவ்வொரு ஓனரும் நகரசபையில் பேரைப் பதிய வேண்டும், காரணமில்லாமல் யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். அன்று மதியம் அதன்மேல் விவாதமும் வாக்கெடுப்பும். எதிர்ப்பக்கத்துத் தலைவர் கண்ணாடிக்கடைக்காரர். பதிவு வந்தால் வாடகை ஏறும், ஓனர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஒழுங்கானவர்களை எதற்குச் சந்தேகப்பட வேண்டும் என்று அவர் போன கூட்டத்தில் மேஜையைத் தட்டியிருந்தார். கடைசியாக ஒரு சவாலும் விட்டார். ஒளிந்துகொண்டிருக்கும் ஓனர் ஒருவரையாவது காட்டட்டும், கை தூக்கத் தயார் என்றார்.

அப்படி ஒரு ஓனர் இருக்கிறார் என்று கவுன்சிலரம்மாவுக்குத் தெரியும். யார் என்றுதான் தெரியாது. வீட்டுப் பத்திரம் எப்போதோ செத்துப்போன ஒரு பெரியவர் பெயரில் இருந்தது. செத்தவரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சபைக்கு அதிகாரம் இல்லை. அதனால் வேலை மேடத்திடம் வந்து சேர்ந்தது.

கூடத்தில் அந்த வீட்டுக் குடும்பம் மேடத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தது. பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண், ஹோட்டல் சமையல்காரர், பல்புக்காகச் சண்டைக்கு வந்த அவர் மனைவி, இரவுக் காவல் முடிந்து தூங்கப்போய் இப்போது எழுப்பிவிடப்பட்ட செக்யூரிட்டிக்காரர். இங்கே வாடகைக்கு யாரும் இல்லை, எல்லோரும் சொந்தக்காரர்கள்தான் என்று நால்வரும் ஒப்பித்தார்கள். வேன்காரப் பெண் சமையல்காரரைச் சித்தப்பா என்றாள். அவர் மனைவியை அக்கா என்றாள்.

சோடாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "சித்தப்பா பொண்டாட்டி எப்படிங்க அக்கா ஆவாங்க? சித்தியில்ல ஆகணும்?"

அவள் செக்யூரிட்டிக்காரரைப் பார்த்தாள். பாதித் தூக்கத்தில் இருந்த அவர், தான் இந்தப் பெண்ணுக்கு அண்ணன் என்றும் சமையல்காரருக்கு மச்சான் என்றும் சொல்லி இருந்த கொஞ்ச மானத்தையும் வாங்கினார். தங்கச்சிக்குச் சித்தப்பா, அண்ணனுக்கு மச்சான். இந்தக் குடும்பத்தில் யாராவது செத்தால் யார் யாருக்குத் துக்கம் விசாரிப்பது என்று சோடா கவலைப்பட்டான்.

மேடம் சிரிக்கவில்லை. "ஒரே குடும்பம்னா குளியலறைக்கு ஒரு பல்பு போதும்மா. ஆளுக்கொரு பல்பு, ஆளுக்கொரு சுவிட்சு வச்சுக்கிறது வாடகைக்கு இருக்கறவங்கதான். பயப்படாம சொல்லுங்க."

வேன்காரப் பெண் தன் அறைக் கதவைத் திறந்து காட்டினாள். கட்டிலுக்கு நேர் மேலே கூரை கறுத்து ஊறிப்போயிருந்தது. கட்டில் மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது, அதன்மேல் மூட்டை முடிச்சுகள் கட்டித் தயாராக இருந்தன. மழை பெய்தால் மகளைச் சமையலறையில் படுக்க வைப்பாளாம். பிள்ளைக்கு இருமல் நின்றபாடில்லை. பொறுக்க முடியாமல், மாதாமாதம் ஓனருக்காக வாடகை வாங்க வரும் வசூல்காரனிடம் கூரையைப் பற்றிச் சொன்னாள். அவன் கூரையைச் சரிசெய்யாமல் அவளைச் சரிசெய்யப் பார்த்தான். இன்று சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், சபையில் போய் வாயைத் திறந்தால் மற்ற இரண்டு அறைக்காரர்களும் தெருவில்தான். சொந்தக்காரர் நாடகத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

"சாயங்காலம் ஸ்கூல் பிள்ளைகளை எல்லாம் அவங்கவங்க வீட்ல விடுவேன்" என்றாள். "கடைசியா என் பொண்ணு மட்டும் வேன்ல இருப்பா. அவளை எங்க விடறதுன்னு இன்னும் தெரியலை."

 

ஓனரை யாராவது பார்த்ததுண்டா என்று மேடம் கேட்டார். யாரும் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஓனர் என்றால் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரனின் மோட்டார் சைக்கிள் சத்தம்தான். மேடம் எழுந்து போய்க் குளியலறைச் சுவிட்சுகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். விரலால் மேலே தள்ளினார், கீழே தட்டினார். இதை யார் போட்டது என்றார். தாங்கள் குடிவரும்போதே அப்படித்தான் இருந்தது, பழகவே ஒரு மாதம் ஆனது என்று செக்யூரிட்டிக்காரர் கொட்டாவிக்கு நடுவே சொன்னார்.

கிளம்பும்போது மேடம் வேன்காரப் பெண்ணை மதியம் சபைக்கு வரச் சொன்னார். பேச வேண்டாம், பின்வரிசையில் வந்து உட்கார்ந்தால் போதும் என்றார். அவள் கட்டில்மேல் இருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். 

தெருவுக்கு வந்ததும் சோடா தீர்ப்பே எழுதிவிட்டான். ஓனர் கண்ணாடிக்கடைக்காரர்தான். ஓனர்களுக்காக இவ்வளவு தொண்டை கிழியக் கத்துபவர் ஓனராக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?  அப்படியானால் நேராகக் கண்ணாடிக்கடைக்கே போகலாம் என்றார் மேடம்.

கடையில் எங்கே திரும்பினாலும் சோடா நின்றான். முன்பக்கச் சோடா, பின்பக்கச் சோடா, வழுக்கை விழத் தொடங்கியிருப்பதை முதன்முறையாக அறிந்துகொண்ட மேல்பக்கச் சோடா. கடைக்காரர் இவர்கள் யாரென்று தெரிந்தும் சிரித்துக்கொண்டேதான் வரவேற்றார். தனக்கு வாடகை வீடுகள் இருக்கின்றன என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

"என் வீடு ஒவ்வொண்ணுலயும் வாசல்ல என் பேரைக் கல்லுல வெட்டி வச்சிருக்கேன். வாடகைக்கு இருக்கறவங்க ராத்திரி பகல்னு பார்க்காம போன் பண்ணித் தொல்லை பண்றாங்க. நான் எங்கங்க ஒளியறது?"

மேடம் விளக்குப் பொருத்திய ஒரு முகக்கண்ணாடியைக் காட்டி, எரியவைத்துக் காட்டச் சொன்னார். கடைக்காரர் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்க்காமலே கீழ்ப்பக்கம் தட்டினார், விளக்கு எரிந்தது. கடை வயரிங், வீட்டு வயரிங் எல்லாம் யார் செய்தது என்று மேடம் விசாரித்தார். அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது, தனக்கு ஒரு பல்பு மாட்டக்கூடத் தெரியாது என்றார் அவர். மேடம் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"என்ன மேடம், பாதியிலயே எழுந்து வந்துட்டீங்க?"

"அவர் இல்லை சோடா. தற்பெருமைக்காரர், ஆனா ஒளியத் தெரியாத ஆளு. நமக்கு வேண்டியது ஒளிஞ்சிருக்கற தற்பெருமைக்காரர்."

சோடா இதை இரண்டு தெரு தூரம் யோசித்துப் பார்த்தான். பிடிபடவில்லை. பசி மட்டும் பிடிபட்டது.

கூட்டத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்ததால் கவுன்சிலரம்மா வீட்டுக்குப் போய் வெறுங்கையை விரிப்பது என்று முடிவானது. அவர் புடவைக்குப் பின் குத்திக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். தூங்காத கண்கள். ஆள் கிடைத்தாரா என்றுதான் முதலில் கேட்டார். இன்னும் இல்லை என்று மேடம் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. இரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கிக் கொண்டுவந்த தீர்மானம். இன்று தோற்றால் அந்தப் பெண் மட்டுமில்லை, அவளைப்போல இன்னும் எத்தனையோ பேர் இப்படியே கிடக்க வேண்டியதுதான் என்றார்.

அறையில் புழுக்கமாக இருந்தது. சோடா எழுந்துபோய் மின்விசிறிச் சுவிட்சைத் தட்டினான். அது சுற்றவில்லை. மறுபடி தட்டினான். பிறகு காலையில் கற்ற பாடம் நினைவுக்கு வந்து, மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளினான். விசிறி சுற்றியது.

"மேடம், அந்த வீட்டு வியாதி இங்கயும் ஒட்டிக்கிட்டிருக்கு" என்றான் சிரித்துக்கொண்டே.

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவன் மண்டையில் ஏறியது. சிரிப்பு பாதியில் நின்றது. மேடத்தைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே கூடத்தில் இருந்த எல்லாச் சுவிட்சுகளையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்திருந்தார். கவுன்சிலரம்மா மட்டும் ஒன்றும் புரியாமல் பின் குத்திக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் கணவர் காபித் தட்டோடு உள்ளே வந்தார். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். தெருவே அவரைச் சார் என்றுதான் கூப்பிடும். வீட்டில் காபி போடுவதிலிருந்து குழாய் மாற்றுவதுவரை எல்லாம் அவர் கைவேலைதான் என்று கவுன்சிலரம்மா முன்பே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"சுவிட்செல்லாம் வித்தியாசமா இருக்கே சார். யார் போட்டது?" என்றார் மேடம்.

சாரின் முகம் மலர்ந்தது. பல வருஷமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வகுப்பை ஆரம்பித்துவிட்டார். "நானேதான். ஒருத்தருக்குத் தலை சுத்துது, தடுமாறி விழறார்னு வச்சுக்குங்க. கை எந்தப் பக்கம் போகும்? கீழ. போற வழியில சுவிட்சு மேல பட்டா அது அணையணுமா, எரியணுமா?"

"அணையறதுதான் நல்லது."

"அப்போ கீழ தட்டினா அணையற மாதிரி வைக்கறதுதானே முறை? எந்த எலக்ட்ரீஷியனும் ஒத்துக்க மாட்டேங்கறான். அதான் நானே போட்டேன். உலகத்துலயே வேற எங்கயும் இப்படிப் பார்க்க முடியாது."

"பார்த்தோமே சார். இன்னைக்குக் காலைல. ஒரு குளியலறைக்கு வெளியே மூணு."

தட்டில் காபி தளும்பியது. சார் மனைவியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது. கவுன்சிலரம்மா கையிலிருந்த பின்னை மெதுவாக மேஜைமேல் வைத்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அந்தத் தலைகுனிவைப் படிக்கத் துப்பறியும் நிபுணர் தேவையில்லை.

பிறகு சார் எல்லாவற்றையும் சொன்னார். அது அவருடைய தூரத்துப் பெரியப்பா ஒருவர் வீடு, ஒட்டுறவு விட்டுப்போனவர் என்பதால் கவுன்சிலரம்மா அவர் பேரைக்கூடக் கேட்டதில்லை. பிள்ளை குட்டி இல்லாமல் போய்ச் சேர்ந்ததால் இவர் கைக்கு வந்தது. மூன்று பேருக்கு விடுவதற்காக இவரே வயரிங் போட்டார், கரண்டுக்காகச் சண்டை வரக் கூடாது என்று ஆளுக்கொரு பல்பும் வைத்தார். அதன்பிறகு சாவியை வசூல்காரனிடம் கொடுத்ததோடு சரி, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மனைவியிடம் சொல்லத்தான் நினைத்தாராம். அதற்குள் அவர் வாடகைக்காரர்களுக்காகக் கொடி பிடித்துவிட்டார். அதற்குமேல் எந்த வாயால் சொல்வது?

"நான் யாரையும் காலி பண்ணச் சொல்லலை. அங்க என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியாது. எல்லாம் அவன்தான் பார்த்துக்கறான். நான் எதையும் கேக்கறதே இல்லை."

"கேட்டாத்தானே தெரியும்" என்றார் கவுன்சிலரம்மா. "தெரியக் கூடாதுன்னுதான் கேக்காம இருந்திருக்கீங்க."

சார் அவசரமாக ஒரு வழியும் சொன்னார். இப்போதே வசூல்காரனுக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்யாதே என்று சொல்லிவிடுவாராம். கூரையையும் பார்த்துக்கொள்ளலாம். விஷயம் இந்த நாலு சுவரைத் தாண்ட வேண்டாம்.

நல்ல வழிதான் என்று சோடாவுக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு அறை தங்கும், இவர்கள் வீட்டு மானமும் தங்கும். ஆனால் காட்டுவதற்கு ஒளிந்த ஓனர் இல்லாமல் தீர்மானம் போய்விடும். அதற்காகச் சபையில் உண்மையைச் சொன்னால் கண்ணாடிக்கடைக்காரர் சும்மா விடுவாரா? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் வீட்டிலேயே இந்த லட்சணம் என்று சிரித்தே தீர்மானத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிடுவார். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது.

மேடம் எழுந்தார். "ஓனர் யாருன்னு கேட்டீங்க, சொல்லிட்டேன். இதுக்கு மேல நீங்க எடுக்க வேண்டிய முடிவும்மா."

கவுன்சிலரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காபியை யாரும் தொடவில்லை. அந்தச் சூழ்நிலையிலும் சோடாவுக்கு அதில் ஒரு வருத்தம் இருந்தது.

சபை மண்டபத்தில் பொதுமக்கள் வரிசை நிரம்பியிருந்தது. வேன்காரப் பெண் காக்கிச் சட்டையோடு கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், வேன் சாவி கைக்குள் இருந்தது. சாரும் வந்து கதவோரம் நின்றார். உட்காரத் துணிச்சல் இல்லை போலிருக்கிறது.

கண்ணாடிக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். போன தடவை பேசியதையே இன்னும் சத்தமாகப் பேசினார். கடைசியில் இரண்டு கைகளையும் விரித்து, எங்கே அந்த மாய ஓனர், இன்றைக்காவது கண்ணில் காட்டுவார்களா என்று கேட்டார். அவர் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள்.

கவுன்சிலரம்மா எழுந்து நின்று தண்ணீர் குடித்தார்.  சோடா தன்னையறியாமல் மேடத்தின் கைப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு வீடு இருக்கு" என்றார். "மூணு அறை, மூணு குடும்பம். மழை பெய்தா ஒழுகுது. ஒழுகுதுன்னு சொன்ன, ஸ்கூல் வேன் ஓட்டற பொண்ணை இன்னைக்குச் சாயங்காலம் வெளியே போகச் சொல்லியிருக்காங்க. ஓனர் யாருன்னு அங்க இருக்கற யாருக்கும் தெரியாது. ஆள் வச்சுத் தேடி எனக்கும் இன்னைக்கு மதியம்தான் தெரிஞ்சது. அவர் என் கணவர். அதோ, கதவுகிட்ட நிக்கறார்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. சாருக்கு ஓடுவதற்குக் கதவு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவர் ஓடவில்லை. அதற்காக அவரைக் கொஞ்சம் மன்னிக்கலாம் என்று சோடா நினைத்தான்.

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. எதிர்பார்த்தபடியே, தீர்மானம் கொண்டுவந்தவர் வீட்டு யோக்கியதையே இதுதான் என்று ஆரம்பித்தார். கொஞ்சநேரம் அதை ருசித்து ருசித்துப் பேசினார். அவர் கட்சியிலேயே ஒரு பேக்கரிக்காரம்மா உண்டு. எந்தக் கூட்டத்திலும் பின்னலை எடுத்துவைத்துக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுவாரே தவிரப் பேசமாட்டார். அன்று ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே. ரெண்டு வருஷமா ஒளிஞ்ச ஓனரைத் தேடறவங்களுக்கே தன் வீட்டுல இருந்த ஓனரைக் கண்டுபிடிக்க ஆள் வைக்க வேண்டியிருக்கு. அப்போ வேன் ஓட்டற பொண்ணு எங்க போய்க் கண்டுபிடிப்பா? இதுக்குப் பதிவு வேணும்தானே?"

   ஒளிந்த ஓனரைக் காட்டினால் கை தூக்குவதாக கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன வாக்கை யாரோ பின்னாலிருந்து ஞாபகப்படுத்தினார்கள். வாக்கெடுப்பில் பேக்கரிக்காரம்மா முதலில் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து அந்தப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். கடைசியில் கண்ணாடிக்கடைக்காரரும் காதைச் சொறிவதுபோல ஒரு கையை உயர்த்தினார். நகரசபைத் தலைவர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

கூட்டம் கலைந்தது. கவுன்சிலரம்மா கணவரைத் தாண்டி நேரே வெளியே போனார். வீட்டில் இன்றைக்குச் சாருக்கு எந்தப் பல்பும் எரியாது என்று சோடா கணித்தான்.

சார் மட்டும் தாழ்வாரத்திலேயே நின்றார். வேன்காரப் பெண் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு வந்தாள். பள்ளி விடும் நேரம், அவளுக்கு அவசரம். ஆனால் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். குடிவந்த நாளிலிருந்து அவள் இந்த ஆளிடம் எத்தனையோ பேச வேண்டுமென்று வைத்திருந்திருப்பாள். திட்டப் போகிறாள் என்று சோடா ஆசையோடு காத்திருந்தான்.

"சார், கூரை ஒழுகுது" என்றாள் அவள்.

அவ்வளவுதான் சொன்னாள். சாரின் கண்கள் கலங்கிவிட்டன. யாரும் எங்கும் போக வேண்டாம், வசூல்காரன் இனிமேல் வரமாட்டான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். சாவியின் இன்னொரு பிரதி தன்னிடம் இருப்பதாகவும், இன்று சாயங்காலமே ஏணியோடு வந்து திறந்து பார்த்து, தன் கையாலேயே சரிசெய்துவிடுவதாகவும் சொன்னார். அவள் படிக்கட்டில் இறங்கத் தொடங்கினாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க சார். ஆனா சாவி போட்டுத் திறக்காதீங்க. கதவைத் தட்டுங்க, நான் திறக்கறேன்."